ஏரியைக் கலக்கும் கெண்டை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் கேட்டு மகிழ்கின்றோம். சிலம்பும் குறளும் முழங்கிய இடத்தில் மீனைப் பற்றிய பேச்சா என்று சிலர் வியக்கக்கூடும். மீன் தமிழருக்குப் புதிதன்று. பாண்டியன் கொடியில் பறந்தது கயல். மங்கையர் கண்ணுக்குப் புலவர்கள் உவமையாக்கியது கெண்டை. அந்தக் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீன் உலகின் பல ஏரிகளைக் கலக்கிச் சேறாக்கி வருகின்றது. அதை எவ்வாறு அடக்குவது, அடக்கினால் நீர் தெளியுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஆண்டாப் ஹில் வாசிகளாகிய நமக்கு இது தொலைவான செய்தியன்று. இந்நகரின் தாகம் தீர்க்க 1860-ல் விஹார் ஏரியும், 1879-ல் துளசி ஏரியும், 1892-ல் தான்சா ஏரியும் அமைந்தன. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டிய பவாய் ஏரி மட்டும் குடிநீருக்கு உதவாமற் போயிற்று. அதன் நீரை இன்று ஆலைகளும் தோட்டங்களுமே பயன்படுத்துகின்றன. விஹாரும் பவாயும் நிரம்பி வழியும் நீர்தான் மித்தி ஆறு. அது குர்லாவைக் கடந்து, நம் மக்கள் பல்லாயிரவர் வாழும் தாராவியின் ஓரமாக ஓடி, மாஹிம் கழிமுகத்தில் கடலிற் கலக்கின்றது. 2005 ஜூலை 26-ஆம் நாள் அந்த ஆறு பொங்கிய கொடுமையை நம்மில் யார் மறக்க முடியும்? ஆகவே மலையடிவார ஏரியின் நலம் நம் தெருவின் நலமும் ஆகும்.

ஏரி ஏன் கலங்குகிறது என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் விடை சாக்கடை என்பதே. அது மெய். வீட்டுக் கழிவும் சோப்பு நீரும் வயல் உரமும் ஏரியிற் சேர்ந்தால் அவற்றில் உள்ள பாஸ்பரஸ் என்னும் சத்து பாசியை வளர்க்கும். பாசி மிகுந்தால் நீர் பச்சைக் கூழாகும். பாசி மடிந்து அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். ஆயினும், வெளியிலிருந்து வரும் அழுக்கை நிறுத்திய பின்னும் தெளியாத ஏரிகள் உண்டு. அவற்றைக் கலக்கும் கை ஏரிக்குள்ளேயே இருக்கின்றது. அக்கையின் பெயர் சாதாக் கெண்டை.

இம்மீன் நம் நாட்டுக்கு வந்த வரலாறு நீலகிரியில் தொடங்குகின்றது. 1939-ல் இலங்கையிலிருந்து இதனைக் கொணர்ந்து உதகமண்டலத்து நீர்நிலைகளில் விட்டனர். மலைக்குளிரில் வளரவல்ல மீன் வேண்டும் என்பதே நோக்கம். 1957-ல் பாங்காக்கிலிருந்து வேறொரு வகை கட்டாக்குக்கு வந்தது. அது சமவெளியின் வெப்பத்திலும் செழித்தது. 1959-ல் ஜப்பானிலிருந்து வெள்ளிக் கெண்டையும் ஹாங்காங்கிலிருந்து புல் கெண்டையும் வந்து சேர்ந்தன. இவற்றுக்கு முன்னரே, 1952-ல், திலாப்பியா வந்தது. நம் ஊர்ச் சந்தையில் ஜிலேபிக் கெண்டை என்று விற்பது அதுதான். பெயரில் கெண்டை இருந்தாலும் அது கெண்டைக் குடும்பம் அன்று.

இவற்றைக் கொண்டுவந்தவர்களை நாம் குறை கூறலாகாது. நாட்டில் உணவுப் பஞ்சம் வாட்டிய காலம் அது. ஏழையின் தட்டில் ஒரு துண்டு மீன் விழ வேண்டும் என்று எண்ணினார்கள். நம் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மீன்கள் ஓடும் ஆற்றிலன்றி முட்டையிடா. 1957-ல் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் ஊசி மருந்து செலுத்திக் குளத்திலேயே நம் கெண்டைகளை முட்டையிடச் செய்யும் வரையில் குஞ்சு கிடைப்பதே அரிதாயிருந்தது. சாதாக் கெண்டைக்கோ அந்தத் தொல்லை இல்லை. தேங்கிய நீரிலும் இனம் பெருக்கும். தாய் மீனின் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முட்டை இடும். முட்டைகள் நீர்ச்செடிகளில் ஒட்டிக்கொண்டு பொரிக்கும். எதையும் தின்னும்; எங்கும் பிழைக்கும். மீன் வளர்ப்போருக்கு இவையெல்லாம் வரம். ஏரிக்கு அந்த வரமே சாபமாயிற்று.

எவ்வாறு எனில், சாதாக் கெண்டை அடித்தரையில் மேயும் மீன். வாயைக் குழாய்போல் நீட்டிச் சேற்றை உறிஞ்சும். புழுவையும் பூச்சியையும் வடித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே உமிழும். ஒரு மீன் செய்தால் கேடில்லை. ஆயிரம் மீன்கள் இரவும் பகலும் செய்தால் ஏரி முழுதும் உழவு நடக்கும். முதலில் நீர்ச்செடிகள் வேரோடு பெயர்ந்துவிடும். வேரின் பிடி போனதும் காற்று வீசும்போதெல்லாம் அலை சேற்றைக் கிளப்பும். சேற்றில் உறங்கிக் கிடந்த பாஸ்பரஸ் மேலே வந்து பாசிக்கு உணவாகும். மீனின் கழிவும் அதனோடு சேரும். கலங்கிய நீரில் வெயில் புகாது. வெயில் புகாவிட்டால் எஞ்சிய செடியும் மடியும். செடிகளில் ஒளிந்து வாழ்ந்து பாசியை மேயும் நுண்ணிய நீர்த்தெள்ளுகள் ஒதுங்க இடமின்றி மற்ற மீன்களுக்கு இரையாகும். இவ்வாறு ஒன்று மற்றொன்றை இழுத்து வர, கண்ணாடிபோல் இருந்த ஏரி சில ஆண்டுகளிற் குழம்பாகிவிடும்.

திலாப்பியாவும் ஏறக்குறைய இத்தகையதே. ஆண் மீன் அடித்தரையில் குழி தோண்டும். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். ஆதலின் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். சிறிய குட்டையில் கூட்டம் பெருகி, உள்ளங்கை அளவுக்கு மேல் வளராத மீன்களே நிறையும். 1959-லேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இம்மீனைப் பரப்புவதற்குத் தடை கூறியது. ஆனால் மீன் அதற்குள் ஏரி ஏரியாகப் பரவிவிட்டது. நம் பவாய் ஏரியிலும் இது உண்டு.

வந்த மீன் தன் இடத்தில் நில்லாது என்பதற்கு இமாசலப் பிரதேசத்தின் கோவிந்த சாகர் சான்று. பக்ரா அணையின் பின்னே விரிந்த அந்நீர்த்தேக்கத்துள் 1971-ல் வெள்ளப் பெருக்கின்போது பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டை தப்பிப் புகுந்தது. பிறகு அதுவே அங்குத் தலைமை மீனாயிற்று, கட்லா தேய்ந்தது. காஷ்மீரில் 1950-களில் விட்ட சாதாக் கெண்டை, தால் ஏரியின் சொந்த மீன்களைப் பின்னுக்குத் தள்ளியது. இன்று அங்கே மீனவர் வலையில் பெரும்பங்கு அதுவே. அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான். ஆகவே, மீனை ஒழி என்று கூவுவதற்கு முன் அந்த அடுப்பையும் நினைக்க வேண்டும். இங்கேதான் பொருளின் சிக்கல் இருக்கின்றது.

இச்சிக்கலை அவிழ்க்க அயல்நாட்டார் என்ன செய்தனர் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாடிசன் நகரை ஒட்டி விங்ரா என்னும் ஏரி உளது. ஆண்டுக்கணக்காகக் கலங்கிக் கிடந்தது. 2005-ல் அறிஞர்கள் ஏரியின் ஒரு மூலையில் 1 ஹெக்டேர் பரப்பைத் திரையிட்டு மறித்து, உள்ளேயிருந்த கெண்டைகளை வெளியேற்றினர். திரைக்கு உட்புறம் நீர் தெளிந்தது, செடி முளைத்தது. வெளிப்புறம் பழையபடி கலங்கியே இருந்தது. ஒரே ஏரி, ஒரே மழை, ஒரே சாக்கடை. வேறுபாடு கெண்டை ஒன்றுதான். இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்த வழக்கில் கிடைக்கும்? அதன்பின் 2008 மார்ச்சில் பெருவலை வீசி 20 டன்னுக்கும் மேற்பட்ட கெண்டையை அள்ளினர். ஏரி முழுதும் தெளிந்தது. ஆனால் வெயில் அடிவரை புகுந்ததும் நீர்ச்செடிகள் அடர்ந்து வளர்ந்தன. படகு ஓட்டுவோர் முணுமுணுத்தனர். தெளிந்த நீரும் வேண்டும், செடியும் கூடாது என்றால் இயற்கை இணங்காது.

மின்னசோட்டா மாநிலத்தார் வேறொரு நுட்பம் கண்டனர். குளிர்காலத்தில் கெண்டைகள் ஓரிடத்தில் திரளாகக் கூடும். சில மீன்களுக்குள் சிறிய ரேடியோ கருவியை வைத்து மீண்டும் ஏரியில் விட்டனர். அவை தம் இனம் கூடும் இடத்துக்குச் சென்று, அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தன. அவ்விடத்தில் வலை வீசினால் ஏரியின் பெருங்கூட்டமே அகப்படும். அதைவிட முக்கியமான உண்மை ஒன்றையும் கண்டனர். கெண்டைக் குஞ்சுகள் பெரிய ஏரியில் பிழைப்பதில்லை. அங்கே மற்ற மீன்கள் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். அவை பிழைப்பது அருகிலுள்ள ஆழமற்ற சதுப்புகளில். குளிரில் மற்ற மீன்கள் மடிந்துபோகும் அச்சதுப்புகளே கெண்டையின் தொட்டில்கள். தொட்டிலை அடைக்காமல் ஏரியில் மட்டும் வலை வீசுவது, குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைப்பதாகும்.

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள தாஸ்மேனியாவில், 1995-ல் கிரெசென்ட், சோரெல் என்னும் இரு ஏரிகளில் கெண்டை தென்பட்டது. வெளியேறும் வாய்க்கால்களில் சல்லடை வைத்தனர். முட்டையிடும் சதுப்புக்குப் போகும் வழியை வலையால் மறித்தனர். காட்டிக்கொடுக்கும் மீன்களையும் பயன்படுத்தினர். 12 ஆண்டுகளுக்குப் பின், 2007-ல் கிரெசென்ட் ஏரியில் கெண்டை அற்றுப்போயிற்று. பிடித்த மீன்கள் 7,797. பெரிய ஏரியாகிய சோரெலில் பணி மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. பொறுமைக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஓர் எண். ஒரு ஹெக்டேர் பரப்புக்குச் சாதாக் கெண்டையின் எடை சுமார் 100 கிலோவைத் தாண்டும்போது நீர்ச்செடிகள் அழியத் தொடங்குகின்றன என்று அமெரிக்க ஆராய்ச்சி கூறுகின்றது. ஏரிக்கு ஏரி இவ்வளவு சற்று மாறலாம். ஆயினும் கருத்து ஒன்றே. கேடு மீனில் இல்லை, அளவில் இருக்கின்றது. சரக்கு அலுவலகத்தில் எடையும் பேரேடும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டி தாங்கும் பாரம் எவ்வளவு என்று முதலில் அறிய வேண்டும். அதற்கு மேற்பட்டதை இறக்க வேண்டும். முற்றும் ஒழிக்க வேண்டியதில்லை. அளவுக்கு மேற்பட்டதைப் பிடித்து விற்றால் ஏரியும் தெளியும், மீனவர் அடுப்பும் எரியும்.

இக்கலையை நம் முன்னோர் ஆராய்ச்சிக் கூடம் இன்றியே அறிந்திருந்தனர். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டங்களில் இன்றும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கின்றது. அறுவடை முடிந்து கண்மாய் நீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிச் சைகை காட்டுவார். ஊத்தாவும் கச்சாவும் வலையும் ஏந்தி மக்கள் ஒருசேர இறங்குவர். மாலைக்குள் கண்மாயில் மீன் இராது. ஊரெங்கும் மீன் குழம்பு மணக்கும். பின்னர் கண்மாய் காய்ந்து வெடிக்கும். வண்டல் மண்ணை அள்ளி வயலுக்கு ஏற்றுவர். மழை வந்ததும் புது நீர், புது மீன். இதில் அடங்கிய அறிவைப் பாருங்கள்! மீன் ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் வெளியேறுகிறது. பல ஆண்டு வாழ்ந்து பெருகிக் கலக்கும் கிழட்டுக் கெண்டைக்கு அங்கே இடமே இல்லை. வண்டலோடு பாஸ்பரசும் வெளியேறி, ஏரிக்கு நஞ்சாக வேண்டியது வயலுக்கு எருவாகிறது. கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது என்பது தன்னலக்காரரைப் பழிக்கும் சொல்லாக வழங்குகிறது. அந்தத் திருவிழாவிலோ ஊரே கலங்கிய குட்டையில் மீன் பிடித்து, அடுத்த ஆண்டுக்குத் தெளிந்த நீரைத் தேடிக்கொள்கிறது.

ஆண்டு முழுதும் நீர் வற்றாத ஏரிகளுக்கு இவ்வழி பொருந்தாது. உதகை ஏரியையும் கொடைக்கானல் ஏரியையும் வற்றவிட முடியாது. பவாய் ஏரியில் முதலைகளே வாழ்கின்றன. அத்தகைய ஏரிகளில் மூன்று செயல் வேண்டும். முதலாவது, சாக்கடையைத் தடுப்பது. உதகை ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் வழியே வந்துசேரும் நகரக் கழிவு நிற்காத வரையில் எத்தனை கெண்டையைப் பிடித்தாலும் பயன் சிறிதே. இரண்டாவது, மீனவரைக் கொண்டு ஆண்டுதோறும் எடை பார்த்து வலை வீசுவது. மூன்றாவது, விரால், வாளை போன்ற ஊன் உண்ணும் சொந்த மீன்களைக் காப்பது. அவை குஞ்சுகளைத் தின்று கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும். அவற்றுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. இத்தகைய மீன்களை வந்தேறி மீன்கள் என்று எழுதுகிறார்கள். அச்சொல்லைக் கேட்டால் இந்நகரத் தமிழர்க்கு நெஞ்சு சுருக்கென்று தைக்கும். 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டாருக்கு எதிராக இந்நகரத் தெருக்களில் எழுந்த முழக்கங்களை நம் பெரியோர்கள் தம் காதாற் கேட்டவர்கள். மனிதனை மீனோடு ஒப்பிடும் பேச்சு எங்கு எழுந்தாலும் அது பிழை. மனிதன் உழைப்பான், மொழி கற்பான், அண்டை வீட்டாரோடு உறவு கொள்வான், சட்டத்துக்குக் கட்டுப்படுவான். மீனுக்கு இவையொன்றும் இல்லை.

மீன்களிலேயே கூட, வெளியூர் என்பது குற்றம் அன்று. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் வடநாட்டு ஆறுகளுக்கு உரியவை. இன்று தமிழ்நாட்டு ஏரி மீன்களில் அவையே முன் வரிசையில் நிற்கின்றன. யாரும் அவற்றை வெறுப்பதில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்பது ஆராய்ச்சி ஆகாது. இங்கே என்ன செய்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதே ஆராய்ச்சி. சாதாக் கெண்டையைக் கூட அதன் செயலைக் கொண்டே குறை கூறினோம். அதன் ஊரைக் கொண்டு அன்று. இந்த நியாயத்தை மீனுக்கு வழங்கும் நாம், அதையே மனிதருக்கும் உலகம் வழங்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உடையவர்கள்.

இனி, நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை யாவை? வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். ஊருக்குப் புறப்படும்போதோ, மீன் பெரிதாகிவிட்டாலோ, பாவம் பார்த்து ஏரியிலோ கோயிற் குளத்திலோ விட்டுவிடுகின்றனர். தங்கமீனும் கெண்டைக் குடும்பமே. அதுவும் சேற்றைக் கிளறும். அமெரிக்காவின் பர்ன்ஸ்வில் நகரத்து ஏரியில் இவ்வாறு விட்ட தங்கமீன்கள் பென்னம் பெரிதாக வளர்ந்து கிடக்க, 2021-ல் அந்நகராட்சி மக்களை நோக்கி, விடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டது. புண்ணியத்துக்காக மீன் வாங்கி நீரில் விடும் தாய்மார்களுக்கும் இவ்வேண்டுகோள் பொருந்தும். ஓர் உயிரைக் காப்பதாக எண்ணி ஓர் ஏரியின் உயிரை வாங்கிவிடலாகாது. வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது மீன் வளர்க்கும் நண்பருக்கு வழங்குங்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரை வாங்குங்கள். மாநகராட்சி அமைக்கும் செயற்கைக் குளங்களில் கரையுங்கள். மாலையும் பூவும் ஏரியில் அழுகினால் அவையும் பாசிக்கு உணவே.

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்னும் இத்தாலியத் துறவி நீரின் தெளிவை அளக்க ஓர் எளிய கருவி செய்தார். இன்று வழங்கும் வடிவில் அது ஒரு சாண் அகல வட்டத் தட்டு. கால்வாசிக்குக் கால்வாசி கறுப்பும் வெள்ளையும் மாற்றித் தீட்டியது. நடுவில் கயிறு கட்டி நீரில் இறக்க வேண்டும். கண்ணுக்கு மறையும் ஆழம் எத்தனை அடி என்று குறிக்க வேண்டும். செலவு சொற்பம். பவாய் ஏரியில் முதலை உண்டாதலின் பிள்ளைகள் தாமே கரையில் இறங்கலாகாது. உரிய அனுமதி பெற்று, பெரியோர் துணையுடன், மீனவர் படகிலிருந்து மாதம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஓராண்டில் அதற்கு ஒரு மதிப்பு ஏற்படும். ஏரி தெளிகிறதா கலங்குகிறதா என்று மாநகராட்சியின் முன் சென்று கேட்கும்போது, வாய்ப்பேச்சைவிட அந்த நோட்டு உரக்கப் பேசும். இச்சங்கம் அதற்கு ஆவன செய்யும் என்று நம்புகின்றோம்.

இந்நகர் நமக்குச் சோறு கொடுத்தது. பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தது. அதன் ஏரிகளும் நமக்கு உரியவையே. உரிமை என்பது பேணுவதால் நிலைபெறும். சென்ற தலைமுறையார் நல்ல எண்ணத்தோடு ஏரியில் மீனை விட்டனர். இந்தத் தலைமுறை அதே நல்ல எண்ணத்தோடு அளந்து, பொறுமையாக வலை வீசி, நீரைத் தெளிய வைக்கட்டும். நம் பேரக்குழந்தைகள் பவாய்க் கரையில் நின்று குனிந்து பார்க்கும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல் அவர்களுக்குத் தெரியட்டும்.